ஏழு வரை எண்ணுதல்

மஞ்சக்குப்பத்தில் மூன்று சனிக்கிழமை பயிற்சி.
பிளாஸ்டிக் நாற்காலி, எலுமிச்சை சாதம்,
நெஞ்சில் குத்திய பெயரட்டை: ரூபவதி.
கோச் என்றால் ரயில்பெட்டி என்றுதான்
நினைத்து வந்தேன் என்றார் பக்கத்து உபதேசியார்.
எல்லோரும் சிரித்தோம்.
பயிற்சி கொடுத்தவரும் சிரித்துவிட்டுச் சொன்னார்,
அதுவும் சரிதான், ஐயா.
ஏறினவர் எந்த ஊரில் இறங்க வேண்டும் என்று
பெட்டியா சொல்கிறது?

நோட்டில் எழுதிக்கொண்டேன்:
கேள். பதில் சொல்லாதே.
கேட்டபின் ஏழு வரை எண்ணு.

எனக்கா எண்ணத் தெரியாது.
பதினெட்டு வருஷமாக மருந்துக்கடை.
சீட்டை முழுக்கப் படிக்குமுன்
கை அலமாரிக்குப் போய்விடும்.
வசனமும் அப்படித்தான் கொடுத்துவந்தேன்.
பயமா, இந்தா.
கடனா, இந்தா.
காலையில் ஒன்று, இரவில் ஒன்று,
சாப்பாட்டுக்குப் பின்.
யாருக்காவது குணமானதா என்று
திரும்பக் கேட்டதில்லை.

எனக்குத் தந்த ஆள் செண்பகவல்லி.
என் வயதுதான்.
முதுநகர் துறைமுகத்தில் ஐஸ் கணக்கு எழுதுகிறாள்.
ஞானஸ்நானம் எடுத்து இரண்டு வருஷம்.
பெயரை மாற்றிக்கொள்ளச் சொன்னபோது,
"அவரு என்னை இந்தப் பேர் சொல்லித்தானே கூப்பிட்டாரு"
என்று சபையையே வாயடைக்க வைத்தவள்.

வியாழன், நாலு மணி.
ஏலம் முடிந்து கழுவிவிட்ட கொட்டகை.
கவிழ்த்த இரண்டு மீன்பெட்டிகளில் உட்கார்ந்தோம்.
நான் சுருக்கமாக ஜெபித்தேன்
(என்னைத் தெரிந்தவர்களுக்கு இது அற்புதம்).
பிறகு கேட்டேன்:
"இந்த வாரம் எது பாரமா இருந்துச்சு?"

ஒன்று.
இரண்டு.
உப்பனாற்றில் ஒரு படகு புகைவிட்டுத் திரும்பியது.
மூன்று.
நாக்கு நுனியில் ஒரு சங்கீதம்
செருப்பு மாட்டிக்கொண்டு தயாராக நிற்கிறது.
நான்கு.
பூனை செதிலை நக்குகிறது.
ஐந்து.
கண் தெரியாதவனைக் கூப்பிட்டு நிறுத்தி
உனக்கு என்ன வேண்டும் என்று அவர் கேட்டாரே,
பார்த்தாலே தெரியாதா அவருக்கு என்று
ஓய்வுநாள் பள்ளியில் கேட்டு
ஸ்கேலால் அடி வாங்கியது ஞாபகம் வந்தது.
அடித்த டீச்சருக்கும் தெரிந்திருக்காது.

ஆறு சொல்லுமுன் பேசினாள்.

"ஜெபத்துக்கு உக்காந்தா கணக்குதான் வருது, சிஸ்டர்.
படகுல ஏத்துறது இருபது பாரு.
பில்லுல இருபத்திரண்டுன்னு போடச் சொல்றாரு.
ரெண்டு பாரு உருகிடுச்சுன்னு வச்சுக்கோம்பாரு.
போடுறேன்."

எழுந்துவிட்டது எனக்குள் ஒரு பிரசங்கம்,
மூன்று பாயிண்டோடு, முடிவில் பாட்டோடு.
தோளைப் பிடித்து உட்கார வைத்தேன்.
"நீங்க என்ன செய்யணும்னு நினைக்கிறீங்க?"

நீண்ட நேரம் ஒன்றும் சொல்லவில்லை.
தரைத் தண்ணீர் எங்கள் பெட்டிக்கு அடியில்
வழி தேடிப் போனது.
வாடகை பற்றிச் சொன்னாள்.
பையனுடைய பாலிடெக்னிக் பற்றிச் சொன்னாள்.
அப்புறம்,
"நாளைக்கு ஒரு நாள் மட்டும்
இருபதுன்னே எழுதிப் பாக்குறேன்."

ஒரே ஒரு நாளா?
பத்துக் கட்டளையில் தவணை முறை உண்டா?
கேட்கவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டேன்.
இது அவள் இறங்கும் ஊர்.
"நாளைக்கு எத்தனை மணிக்கு பில் போடுவீங்க?
அந்நேரம் நான் உங்களை நினைச்சுக்கிறேன்."
விடிகாலை மூன்றரை என்றாள்.
அலாரம் வைத்துக்கொண்டேன்.

கிளம்பலாம் என்று பையை எடுத்தபோது
அவள் கேட்டாள்,
பெயரட்டை இல்லாதவள்,
எந்தச் சனிக்கிழமையும் வராதவள்:
"உங்களுக்கு, சிஸ்டர்? உங்க கடையில?"

ஒன்று, இரண்டு.
ஏழு போனது.
அவள் குறுக்கே பேசவில்லை.
பூனைகூட நிமிர்ந்து பார்த்தது.
பதினொன்று.

கல்லாவுக்குக் கீழே, இழுப்பறையில்,
தேதியை நகத்தால் சுரண்டிய
நான்கு அட்டை மாத்திரை இருக்கிறது
என்று ஆரம்பித்தேன்.